கட்டைவிரலின் நாடி

எண்பத்தோராயிரம். பதிவேடுகளைப் புரட்டி, வருடத்துக்கு மூவாயிரம் வீதம் இருபத்தேழு வருடத்துக்கு மருத்துவமனை எழுத்தர் குத்துமதிப்பாகப் போட்டுத் தந்த எண் இது. இத்தனை கைகால்களுக்கு ஒரே மனிதர் மாவுக்கட்டு போட்டிருக்கிறார். முக்கால்வாசி கைகள்தான். கீழே விழுகிற எவரும் முதலில் உள்ளங்கையைத்தான் ஊன்றுகிறார்கள். உடம்பின் எடை அந்த வழியாக ஏறி, எலும்பு எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே போய் முறிக்கிறது.

அவற்றில் ஒரு வலது கையைப் பற்றி மட்டும் நாற்பத்திரண்டு பக்கத்துக்கு விசாரணைக் கோப்பு இருக்கிறது.

டாக்டர்களுக்கு அவர் ‘மாவு அண்ணன்’. வயது ஐம்பத்து நான்கு. ஆரம்பத்தில் கட்டடங்களுக்குச் சுவர் பூசிக்கொண்டிருந்தவர். எலும்புப் பிரிவின் கூரைப்பூச்சு பெயர்ந்து விழுந்தபோது அதைச் சரிசெய்ய வந்தார். அதே வாரத்தில் அங்கே கட்டுப் போடுகிற ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனார். கையில் மாவோடு ஏணியில் நின்றவரை இறக்கி, வாளியைப் பிடிக்கச் சொன்னார்கள். பிறகு முறையாகப் பயிற்சி, தேர்வு, சான்றிதழ் எல்லாம் ஆயிற்று. சுவருக்கும் ஆளுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், சுவர் அழாது, முடிந்ததும் நன்றியும் சொல்லாது என்பார்.

அறை பன்னிரண்டுக்குப் பத்து அடி. ஒரு உயரமான கட்டில், பஞ்சுச் சுருள்கள் அடுக்கிய அலமாரி, மாவு இறுகி மாதத்துக்கு ஒரு முறை அடைத்துக்கொள்ளும் தொட்டி. சுவரில் தொங்கும், கட்டை அறுத்துப் பிரிக்கிற வட்ட ரம்பத்தைப் பார்த்தாலே குழந்தைகள் வீறிடும். அவர் அதை ஓடவிட்டுத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். அது அதிருமே தவிர, தோலை வெட்டாது.

கையுறை போட மாட்டார். மாவு இறுகும்போது சூடேறும். அந்தச் சூட்டை விரலால் உணர்ந்தால்தான் கட்டு எங்கே தடித்துவிட்டது, எங்கே அழுத்துகிறது என்று தெரியும் என்பது அவர் கட்சி. அதற்குக் கொடுத்த விலை, வருடம் முழுக்க வெடித்துக் கிடக்கும் விரல்நுனிகள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதிதாக வருகிற பயிற்சி டாக்டர்களுக்கு எலும்பு டாக்டர் எக்ஸ்ரேவை வைத்துப் பாடம் எடுப்பார். இவர் அவரவர் முழங்கையை வைத்தே எடுப்பார். கையை நீட்டி, முழங்கையின் பின்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொல்வார். மூன்று முடிச்சுகள் தட்டுப்படும். இரண்டு பக்கத்திலும் மேல்கை எலும்பின் ஓரங்கள், நடுவில் முன்கை எலும்பின் முனை. கை நீண்டிருக்கும்போது மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும். மடக்கினால் முக்கோணமாகும். அடிபட்ட கையில் அந்த முக்கோணம் குலைந்திருந்தால் மூட்டு நழுவியிருக்கிறது. முக்கோணம் அப்படியே இருந்தும் கை கோணலாக இருந்தால், மூட்டுக்கு மேலே எலும்பு உடைந்திருக்கிறது.

அந்த இடம்தான் பொல்லாத இடம். உருண்டையாக இறங்கி வருகிற மேல்கை எலும்பு, முழங்கைக்குச் சற்று மேலே தட்டையாகி, முன்னும் பின்னும் குழிவிழுந்து, நடுவில் அட்டை போல மெலிகிறது. குழந்தைகளுக்கு அங்கேதான் உடையும். உள்பக்க முடிச்சுக்குப் பின்னால் ஒரு நரம்பு போகிறது. மேஜை முனையில் இடித்தால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்கிறதே, அது. முன்பக்கம் போகிறது கைக்கு உயிர் கொடுக்கும் ரத்தக்குழாய். புஜத்தசையின் உள்ளோரமாக இறங்கி, முழங்கை மடிப்பில் அந்தத் தசையின் நாணை ஒட்டி, உடைகிற எலும்புக்கு நேர் முன்னால்.

இதில் ஒரு சங்கடம். முழங்கையை எவ்வளவு மடக்குகிறோமோ, உடைந்த எலும்பு அவ்வளவு நன்றாக உட்காரும். ஆனால் அதே அளவுக்கு ரத்தக்குழாயும் மடிந்து நசுங்கும். அதனால் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டே மடக்க வேண்டும். நாடி நிற்கிற இடத்திலிருந்து கொஞ்சம் தளர்த்தி, அது திரும்பத் துடிக்கிற கோணத்தில் கட்டு போட வேண்டும். பிறகு நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்துச் சிவக்கிறதா, விரல்கள் வெதுவெதுப்பாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான். நாடியை ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் பார், கட்டைவிரலால் பார்க்காதே. கட்டைவிரலுக்குள்ளேயே ஒரு பெரிய துடிப்பு இருக்கிறது. செத்தவன் மணிக்கட்டில் வைத்தாலும் நாடி இருக்கிறது என்று அது சொல்லும்.

வீட்டில் மனைவிக்கும் கைகள்தான் தொழில். ரெடிமேட் சட்டைக் கம்பெனிக்குச் சட்டைக்கை தைத்துக் கொடுக்கிறார். உடைந்த கையெல்லாம் உங்களுக்கு, உடையாத கையெல்லாம் எனக்கு என்று பங்கு பிரித்து வைத்திருந்தார். குழந்தைகள் இல்லை. ஒரு அறையில் தையல் மிஷின், இன்னொரு அறையில் இருவரும்.

அந்தத் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மாவுக்கட்டு அறையின் வாசலில் இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். சாரம் சரிந்து விழுந்த கட்டட வேலையாட்கள் மட்டும் ஒன்பது பேர். அவரது வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியில் ஆழமாக வெடித்து, காலையிலேயே ஒட்டும் பிளாஸ்திரி சுற்றியிருந்தார்.

ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் தூக்கி வந்தார்கள். பள்ளிக்கூடத்து ஏறுகம்பியிலிருந்து விழுந்திருந்தாள். வலது முழங்கை, அதே பொல்லாத இடம். எலும்பு டாக்டர் மயக்க ஊசி போடச் சொல்லி, எலும்பை இழுத்துச் சேர்த்து, கையை மடக்கிக் கொடுத்துவிட்டு, காத்திருந்த அறுவை சிகிச்சைக்கு ஓடினார். கோணத்தைச் சரிபார்த்துக் கட்டு போடுவது இவர் பொறுப்பு. மடக்கிய கையைத் தாங்கி நின்றது பயிற்சி டாக்டர் பெண்.

இவர் இடது கையால் ஈர மாவுப்பட்டையை முழங்கையின் பின்பக்கம் அழுத்திப் பிடித்திருந்தார். வலது கையால் மணிக்கட்டைத் தேடினார். பிளாஸ்திரி சுற்றிய இரண்டு விரலிலும் ஒன்றும் தெரியவில்லை. கட்டைவிரலை வைத்தார். துடித்தது, நன்றாக. வெளியே யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். மாவு சூடேறத் தொடங்கிவிட்டது. “நாடி இருக்கு, எழுதிக்கங்க” என்றார். பயிற்சி டாக்டர் எழுதிக்கொண்டாள்.

நகத்தைப் பார்த்திருக்கலாம். குழந்தையின் பத்து நகத்திலும் அடர்நீலச் சாயம். ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். விரல்கள் ஜில்லென்றுதான் இருந்தன. பள்ளியிலிருந்து வரும் வழியெல்லாம் ஐஸ் வைத்திருந்தார்கள் என்று சொன்னதால் அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வகை முறிவுக்கு ஒரு நாளாவது படுக்கையில் வைத்துப் பார்ப்பது வழக்கம். அன்று படுக்கை இல்லை. வலி மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

குழந்தையின் அம்மா பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவர். கணவர் தொலைதூர லாரி ஓட்டுகிறார். குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு ஒரு மணிக்கு அம்மா வேலைக்குத் திரும்பினார். இரண்டு மணிக்கு நாத்தனார் போன் செய்தார். குழந்தை ஒரே அழுகை, விரலை லேசாக நிமிர்த்தினாலே துடிக்கிறாள் என்றார். அம்மா உடனே மருத்துவமனைக்குப் போன் செய்தார். மாவுக்கட்டு அறையின் போனை எடுத்தவர் இவர்தான்.

கூட்டிட்டு வரட்டுமா என்று கேட்டாராம் அம்மா. முதல் நாள் வலி இருக்கத்தான் செய்யும், கையை உயர்த்தி வையுங்கள், நாடியை நானே பார்த்தேன், பயப்பட ஒன்றுமில்லை என்று இவர் பதில் சொன்னார். அம்மா கவுண்டரில் ஐந்து மணி வரை இருந்து ஷிப்டை முடித்தார்.

ஆறு மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது அழுகை நின்றிருந்தது. அதுதான் மோசமான அடையாளம்; கை மரத்துப்போயிருந்தது. இவர் கட்டைப் பிரித்தார். விரல்கள் மெழுகு நிறத்தில் வளைந்து கிடந்தன. குழந்தை தன் கையை யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தாள். எலும்பு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, கட்டு போடும்போது நாடி இருந்ததா என்பது. இருந்தது சார், நானே பார்த்தேன் என்றார் இவர். அதை அப்போது முழுதாக நம்பித்தான் சொன்னார்.

அரை மணி நேரத்தில் அறுவை சிகிச்சை. மடிப்பில் நசுங்கிக் கிடந்த ரத்தக்குழாயை விடுவித்தார்கள். உள்ளே இறுகிப்போயிருந்த முன்கையை மணிக்கட்டு வரை நீளமாகத் திறந்தார்கள். விரல்களை மடக்குகிற தசைகளில் பாதி சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. ஏழு மணி நேரம் ரத்தம் போகாத தசை. எலும்பு சேர்ந்துவிடும், தோல் மூடிவிடும், ஆனால் அந்தத் தசை திரும்பாது.

மறுநாளே ஆளாளுக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். குழந்தைகள் வார்டின் வாசலில் நாத்தனார் கேட்டது பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

“நான் ரெண்டு மணிக்கே சொன்னேன். டிக்கெட் கிழிக்கிறதுதான் பெருசுன்னு உக்காந்திருந்தா. பெத்தவ வயிறு எரிய வேணாமா?”

லாரியை வழியில் ஒப்படைத்துவிட்டு வந்திருந்த கணவர் நேராகக் குழந்தையிடம் போனார். மனைவி பக்கம் திரும்பவில்லை. மருத்துவமனை போட்ட மூன்று பேர் விசாரணைக் குழுவும் அதே திசையில்தான் போனது. கட்டு போடும்போது நாடி இருந்ததாக எழுதியிருக்கிறது. பிறகு வீக்கம் ஏறியிருக்கிறது. அம்மா தாமதமாக வந்திருக்கிறார். போனில் பேசியதற்கு எந்தப் பதிவும் இல்லை. அம்மாவும் அதை அழுத்திச் சொல்லவில்லை. தன் காதில்தான் தப்பாக விழுந்திருக்கும் என்று நினைக்கத் தொடங்கியிருந்தார்.

மாவு அண்ணன் மூன்று நாள் அப்படியே வேலை பார்த்தார். ஏதோ ஒன்று இடறிக்கொண்டே இருந்தது. நான்காம் நாள், ஒரு பையனின் முழங்கைக்குக் கட்டு போட்டுவிட்டு நாடி பார்த்தபோது அது என்னவென்று பிடிபட்டது. விரல்களில் பிளாஸ்திரி இல்லை. பையனின் நாடி எலிக்குஞ்சு போல ஓடியது. பயந்த குழந்தைக்கு நிமிடத்துக்கு நூறுக்குக் குறையாது. மயக்க ஊசி போட்டாலும் வேகம்தான். திங்கட்கிழமை அவர் உணர்ந்த துடிப்போ, நிதானமாக, நடு வயதுக்காரனின் துடிப்பாக இருந்தது.

வீட்டுக்குப் போனார். மனைவி சட்டைக்கைகளைத் தேய்ப்பதற்கு ஒரு மரப்பலகை வைத்திருக்கிறார். கை வடிவத்தில், ஒரு முனை குறுகி, மேலே துணி சுற்றியது. அதன் குறுகிய முனையைப் பிடித்துக் கட்டைவிரலை அழுத்தினார். மரம் துடித்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். எழுபத்து நான்கு.

மனைவி மிஷினை நிறுத்திவிட்டு, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னார். முழுவதையும், போனில் சொன்னதையும் சேர்த்து.

“நீங்க சொல்லலேன்னா யாருக்காவது தெரியவருமா?”

“தெரியாது. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.”

“சொன்னா?”

“வேலை போகும். கேஸும் வரலாம்.”

மனைவி தைக்க வேண்டிய கைகளை இடது வலது என்று பிரித்து அடுக்கினார். பிறகு, அந்தக் குழந்தையின் அம்மா இப்போது எங்கே படுக்கிறாள் என்று கேட்டார். வார்டில், கட்டிலுக்கு அடியில் தரையில் என்றார் இவர். மனைவி விளக்கை அணைத்தார். சொல்லுங்கள் என்றோ வேண்டாம் என்றோ அவர் சொல்லவில்லை. மறுநாள் காலையில் இவருடைய நல்ல சட்டையைத் தேய்த்து வைத்திருந்தார்.

வார்டு தாழ்வாரத்தில், கழுவிய ஃபிளாஸ்க்கோடு வந்த அம்மாவை இவர் நிறுத்தினார். கட்டைவிரல் விஷயத்தைச் சொன்னார். அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்.

“ரெண்டு மணிக்கே நான் வந்திருந்தா?”

“கை பிழைச்சிருக்கும்மா. நீங்க வரட்டுமான்னுதான் கேட்டீங்க. நான்தான் வேணாம்னேன்.”

அம்மா ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகி மூடினார். மூடி இறுகிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தார். மன்னிப்பு, சாபம், இரண்டுக்கும் தயாராகத்தான் இவர் வந்திருந்தார். அம்மா கேட்டது வேறு.

“இதை அப்படியே வந்து என் நாத்தனார்கிட்ட சொல்லுங்க. அவரு காதுலயும் விழணும்.”

போனார்கள். கணவரும் நாத்தனாரும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். நாத்தனார் முதலில் நம்பவில்லை. தம்பி பொண்டாட்டியைக் காப்பாற்ற யாரோ அனுப்பிய ஆள் என்றே நினைத்தார். விரலில் நாடி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, எல்லாம் ஒரே கைதானே என்றார். இவர் கட்டிலின் இரும்புக் கம்பியைக் காட்டி, கட்டைவிரலை அழுத்தி வைக்கச் சொன்னார். நாத்தனார் வைத்தார். சற்று நேரம் கழித்துச் சூடு பட்டது போல எடுத்துக்கொண்டார்.

கணவர் எழுந்து இவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அடிக்கவில்லை. “போயிடுங்க” என்றார். அதை இரண்டு தடவை சொன்னார்.

நகச்சாயத்தைப் பற்றி இவர் அங்கே வாயைத் திறக்கவில்லை. விழுவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை அதைப் பூசிவிட்டது அத்தைதான் என்று குழந்தை இவரிடம் கட்டு போடும் முன்பே பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

அன்று மதியம் பயிற்சி டாக்டர் அவரைத் தேடி வந்தாள். இருபத்து நான்கு வயது. விஷயம் அதற்குள் பரவியிருந்தது. நாடி பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டது அவள்.

“அண்ணே, நீங்க எழுதிக் கொடுத்தா நானும் மாட்டுவேன்ல?”

“மாட்டுவீங்க. பாக்காம எழுதினது நீங்கதானே.”

அவள் அழுதாள். ஆனால் மறுக்கவில்லை. உங்கள் வார்த்தையை நம்பினேன் என்றாள். எண்பதாயிரம் கட்டு போட்டவர் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள் என்றும் சொன்னாள். இவர் தன் வாக்குமூலத்தில், அவளைப் பார்க்கவிடாமல் அவசரப்படுத்தியது நான்தான் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார். அது உண்மையும்தான்.

குழுவின் தலைவர் வாக்குமூலத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இது ஊகம்தானே, நான்கு நாள் கழித்து வந்த ஞாபகம்தானே, வீக்கத்தால் நடந்திருக்கவும் வாய்ப்பு இருக்கிறதே என்றார். அறிக்கை ஏறக்குறைய முடிந்துவிட்டது என்பதையும் குறிப்பிட்டார். இவர் பிடிவாதமாக நின்றார். போனில் சொன்னது ஊகமில்லை என்றார். படுக்கை இல்லாமல் வீட்டுக்கு அனுப்பியதையும் எழுதுங்கள் என்றார். முதலாவதைச் சேர்த்தார்கள். இரண்டாவது இறுதி அறிக்கையில் இல்லை.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. மாவு அண்ணன் பணிநீக்கம். பயிற்சி டாக்டருக்கு ஆறு மாதப் பயிற்சி நீட்டிப்பு. அறிக்கையின் பதினேழாம் பக்கத்தில், தாயாரின் தரப்பில் தாமதம் இல்லை என்ற வரி இருக்கிறது. அம்மா அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுத்து வாங்கிக்கொண்டு போனார். நாத்தனார் இப்போது வார்டுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறார். தம்பி மனைவியிடம் பேசுவதில்லை; சாப்பாட்டை வைத்துவிட்டுக் குழந்தையின் தலையை வாரிவிட்டுப் போகிறார்.

இவர் வீட்டில் சட்டைக்கைகளைத் தேய்க்கிறார். மனைவி தைக்கத் தைக்க, பலகையில் மாட்டி, மடிப்பு விழாமல் இழுத்துத் தேய்த்து, ஜோடி ஜோடியாக அடுக்குகிறார். விரல் வெடிப்புகள் ஆறிவிட்டன. இடையில் இரண்டாவது அறுவை சிகிச்சையும் முடிந்தது. செத்த தசையை அகற்றி, தொடையிலிருந்து தோல் எடுத்து மூடினார்கள். மருத்துவமனைக்குள் இவருக்கு அனுமதி இல்லை. தகவல் எல்லாம் எழுத்தர் மூலமாக வருவதுதான்.

சிறுமி இடது கையால் எழுதப் பழகுகிறாள். வலது கையின் மூன்று விரல்கள் உள்ளங்கைக்குள் வளைந்து நிற்கின்றன. வருகிற ஆறாம் தேதி மூன்றாவது அறுவை சிகிச்சை. மிஞ்சிய தசைநாண்களை நீளமாக்கி வைக்கப்போகிறார்கள். விரல்கள் எவ்வளவு நிமிரும் என்பது அதற்குப் பிறகு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.